அரளி: பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது

பாசிர் ரிஸ் வட்டாரத்தில் நடக்கும்போது வேலிச்செடியாகவோ தொட்டியிலோ அரளியைக் கண்டால் கவனமாக இருங்கள். சாமிக்குச் சாத்தும் பூவாக நீங்கள் அறிந்த செடிதான். ஆனால் அதன் இலை, பூ, விதை, வேர், பால் அனைத்தும் நச்சு. காயவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் நச்சு போகாது. மஞ்சள் அரளி விதை மிகவும் ஆபத்தானது.

இந்த நச்சு இதயத் துடிப்பைக் குலைக்கும். வாந்தி, வயிற்றுவலி, மயக்கம் வரலாம். டிஜாக்சின் எனும் இதய மருந்து உட்கொள்வோருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

நினைவில் கொள்ளுங்கள்:

• அரளியைக் கைவைத்தியத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.
• செடியைத் தொட்டபின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
• பேரப்பிள்ளைகள் பூவையோ காயையோ வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
• யாராவது உட்கொண்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அறிகுறி தெரியும்வரை காத்திராமல் உடனே 995ஐ அழையுங்கள். செடியின் படத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.