தலைசுற்றலோடு வண்டி ஓட்டலாமா?

இந்த இதழைக் கையில் பிடித்தபடியே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தலையை அசைக்காமல், இதழை மட்டும் இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள். எழுத்துகள் கலங்கிப் போகும். ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாது. இப்போது இதழை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் தலையை இடமும் வலமுமாக ஆட்டுங்கள். என்ன வியப்பு! எழுத்துகள் நின்ற இடத்தில் நின்று தெளிவாகத் தெரிகின்றன.

இரண்டு முறையும் தலைக்கும் இதழுக்கும் இடையே இருந்த ஆட்டம் ஒன்றுதான். அப்படியானால் முதல் முறை கலங்கிய எழுத்துகள் இரண்டாம் முறை கலங்காதது ஏன்? இதன் விடை கண்ணில் இல்லை, காதில் இருக்கிறது. இந்த விடையைத் தெரிந்துகொண்டால், சமநிலை நரம்பில் கட்டி வந்த ஒருவர் வண்டி ஓட்டலாமா, கூடாதா என்ற கேள்விக்கும் விளக்கம் கிடைக்கும்.

காதுக்குள் ஒரு மட்டக்கோல்

செவிப்பறைக்கும் அப்பால், மண்டையோட்டின் கெட்டியான எலும்புக்குள் உட்செவி அமைந்திருக்கிறது. அதில் நத்தை ஓடு போல் சுருண்ட பகுதி ஒலியைக் கேட்பதற்கானது. அதை அடுத்து மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. ஓர் அறையின் மூலையில் தரையும் இரு சுவர்களும் கூடுவது போல, அவை மூன்று திசைகளை நோக்கி அமைந்திருக்கின்றன. அவற்றுக்குள் ஒரு நீர்மம் நிறைந்துள்ளது.

தண்ணீர் உள்ள பாத்திரத்தைச் சட்டென்று திருப்பினால், பாத்திரம் திரும்பும். தண்ணீர் சற்றுப் பின்தங்கும். தலை திரும்பும்போது குழல்களுக்குள் நடப்பதும் இதுவே. பின்தங்கும் நீர்மம், குழலின் வாயில் உள்ள கூழ் போன்ற திரையைத் தள்ளுகிறது. திரையினுள் பதிந்திருக்கும் நுண்ணிய உணர்மயிர்கள் வளைகின்றன. உடனே நரம்பின் வழியாக மூளைக்குச் செய்தி போகிறது: “தலை இந்தப் பக்கம், இந்த வேகத்தில் திரும்புகிறது.”

மூளை அந்தச் செய்தியைக் கண்தசைகளுக்கு அனுப்புகிறது. தலை எவ்வளவு வலப்புறம் திரும்பியதோ, கண்கள் அவ்வளவு இடப்புறம் திரும்புகின்றன. ஆகவே பார்க்கும் பொருளின் பிம்பம் விழித்திரையில் அசையாமல் நிற்கிறது. இந்த அனிச்சைச் செயலுக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வினாடிதான்.

காதின் உதவியின்றிக் கண் தானாகவே ஒரு பொருளைத் தொடர வேண்டுமானால், அதற்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வினாடி பிடிக்கும். இதழை ஆட்டியபோது எழுத்துகள் கலங்கியது இந்தத் தாமதத்தால்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், நூறில் ஒரு பங்கு வினாடியில் சுமார் 17 சென்டிமீட்டர் நகர்கிறது. பத்தில் ஒரு பங்கு வினாடியில் சுமார் 1.7 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு உட்செவி எவ்வளவு தேவை என்பது இப்போது புரிகிறதல்லவா?

இந்த அமைப்பு முழுவதும் பழுதானால் என்ன ஆகும்? 1952இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் தம் அனுபவத்தை மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். காசநோய்க்காக எடுத்துக்கொண்ட ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து அவருடைய இரு பக்கச் சமநிலை உறுப்புகளையும் கெடுத்துவிட்டது. படுக்கையில் புத்தகம் படிக்க முயன்றால், நாடித்துடிப்பால் தலையில் ஏற்படும் சிறு அதிர்வே எழுத்துகளைத் துள்ளச் செய்ததாம். கட்டிலின் கம்பிகளுக்கு இடையே தலையை முட்டுக்கொடுத்துத்தான் அவரால் படிக்க முடிந்தது. தெருவில் நடக்கும்போது எதிரே வருபவரின் முகம் தெரியவில்லை, நின்றால்தான் தெரிந்தது.

நரம்பின் மேல் வளரும் கட்டி

உட்செவியிலிருந்து மூளைக்குச் செல்வது எட்டாவது மூளை நரம்பு. கேட்டலுக்கு ஒரு கிளை, சமநிலைக்கு ஒரு கிளை என அது பிரிந்திருக்கிறது. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள குறுகிய எலும்புக் குழாய் வழியாக, முகத்தசைகளை இயக்கும் நரம்போடு சேர்ந்து அது செல்கிறது. மின்கம்பிக்கு ரப்பர் உறை இருப்பது போல் நரம்பிழைகளுக்கும் ஓர் உறை உண்டு. அந்த உறையை ஆக்கும் ஷ்வான் செல்கள் சில வேளைகளில் அளவு மீறிப் பெருகிக் கட்டியாகின்றன. இக்கட்டியை வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்பர். அக்கூஸ்டிக் நியூரோமா என்ற பழைய பெயரும் வழக்கில் உண்டு.

இது புற்றுநோய் அன்று. உடலின் வேறு இடங்களுக்குப் பரவாது. மிக மெதுவாக வளரும். பல கட்டிகள் ஆண்டுக்கணக்கில் வளராமலேயே இருப்பதும் உண்டு. ஆனால் இடம் குறுகியது. ஆகவே சிறிய கட்டியும் நரம்பை நெருக்கும். பெரிதானால் மூளைத்தண்டையே அழுத்தும்.

தலைசுற்றல் என்றவுடன் கட்டி என்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலான தலைசுற்றல்களுக்கு வேறு காரணங்களே இருக்கும். இக்கட்டியின் முதல் அடையாளம் பெரும்பாலும் தலைசுற்றலே அன்று. ஒரு காது மட்டும் மந்தமாவது, அந்தக் காதில் மட்டும் ஓயாத இரைச்சல் கேட்பது ஆகியவையே முதலில் வரும். தொலைபேசியை வழக்கமான காதில் வைத்தால் பேச்சுப் புரியவில்லை, மறு காதுக்கு மாற்றினால் புரிகிறது என்று சிலர் கண்டுபிடிப்பார்கள். அத்தகையவர்கள் காது மருத்துவரிடம் காட்ட வேண்டும். எம்.ஆர்.ஐ. படம் சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியையும் காட்டிவிடும்.

இரு பக்கத் தராசு

உட்செவி நரம்பு தலை அசையாதபோதும் சும்மா இருப்பதில்லை. குரங்குகளில் அளந்து பார்த்தபோது, ஓய்வு நிலையிலும் ஒவ்வொரு நரம்பிழையும் வினாடிக்குச் சராசரியாக 90 மின் துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தது. இடமும் வலமும் சமமாக இருந்தால், “தலை அசையவில்லை” என்று மூளை அறிகிறது. வலப்புறம் திரும்பினால் வலக்காதின் துடிப்பு கூடுகிறது. இடக்காதின் துடிப்பு குறைகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தராசு போல் நிறுத்துப் பார்த்து, மூளை திசையையும் வேகத்தையும் அறிகிறது.

இடப்பக்க நரம்பு திடீரென்று செயலிழந்தது என்று வைத்துக்கொள்வோம். வலத்தட்டில் 90, இடத்தட்டில் 0. தலை அசையாமலே இருக்கிறது. ஆனால் “வலப்புறம் வேகமாகச் சுழல்கிறாய்” என்று தராசு சொல்கிறது. அறை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, நிற்க முடிவதில்லை.

கட்டி மெதுவாக வளர்வதால், இந்த இழப்பும் பெரும்பாலும் மெதுவாகவே நேர்கிறது. இடத்தட்டில் எடை சிறுகச் சிறுகக் குறையும்போது, மூளை தராசின் முள்ளைச் சிறுகச் சிறுகத் திருத்திக்கொள்கிறது. சிறுமூளைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. அதனால்தான் இந்த நோயாளிகள் பலருக்கு அறை சுற்றும் தலைசுற்றல் வருவதில்லை. இருட்டில் நடந்தால் தள்ளாட்டம், சட்டென்று திரும்பினால் ஒரு கிறக்கம் என்ற அளவிலேயே நிற்கிறது. இதற்கு மாறாக, அறுவை மருத்துவத்தில் அந்தச் சமநிலை நரம்பு துண்டிக்கப்பட்டால், எஞ்சியிருந்த செயலும் ஒரே நாளில் போய்விடும். சில நாள் கடுமையான தலைசுற்றல் இருக்கும். பிறகு சில வாரங்களில் மூளை மீண்டும் முள்ளைத் திருத்திக்கொள்ளும்.

“அப்படியானால் தலைசுற்றல் நின்றதும் வண்டியை எடுத்துவிடலாமே?” என்று கேட்பீர்கள். சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

மறைந்திருக்கும் குறை

ஒரு நரம்பின் துடிப்பு வினாடிக்கு 90இலிருந்து பல மடங்கு கூடலாம். ஆனால் குறைவதற்கு எல்லை உண்டு; சுழிக்குக் கீழே போக முடியாது. இடப்பக்க நரம்பை இழந்தவருக்கு இரு திசைச் செய்தியையும் வலக்காது ஒன்றே தர வேண்டும். வலப்புறம் திரும்பினால் துடிப்பு கூடும். தொல்லை அதிகம் இல்லை. இடப்புறம் மெதுவாகத் திரும்பினால் துடிப்பு குறையும், மூளை புரிந்துகொள்ளும். இடப்புறம் வேகமாகத் திரும்பினாலோ, துடிப்பு சுழியைத் தொட்டுவிடும். அதற்கு மேல் எவ்வளவு வேகம் என்று சொல்ல யாரும் இல்லை. கண்கள் பின்தங்கித் தலையோடு சேர்ந்து இழுபடும். பிறகு ஒரு துள்ளலில் இலக்குக்குத் திரும்பும். அந்தச் சிறு இடைவெளியில் காட்சி வழுக்கிப் போகும்.

1988இல் ஹல்மாகி, கர்த்தோய்ஸ் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் இதையே எளிய சோதனையாக ஆக்கினர். நோயாளி மருத்துவரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். மருத்துவர் அவர் தலையைச் சட்டெனச் சிறிதளவு திருப்புவார். பழுதான பக்கம் திருப்பும்போது கண் இலக்கை விட்டு விலகித் துள்ளித் திரும்புவதைக் காணலாம். நன்றாக நடமாடும் நோயாளியிடமும் இக்குறை தென்படுவது உண்டு.

இப்போது நாற்சந்தியில் நிற்கும் ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஓரமாக மோட்டார் சைக்கிள் ஏதும் நுழைகிறதா என்று சட்டென இடப்புறம் தலையைத் திருப்பிப் பார்க்கிறார். மருத்துவர் செய்யும் அதே சோதனை! நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வெளிப்படாத குறை இங்கே வெளிப்படுகிறது. நலமாக இருப்பதாகத் தோன்றுவது வேறு. ஓட்டத் தகுதி பெற்றிருப்பது வேறு.

இன்னும் சில இடர்களும் உண்டு. உட்செவியின் உதவி குறைந்தவர் கண்ணையே பெரிதும் நம்புகிறார். ரயில் நிலையத்தில் பக்கத்து ரயில் புறப்பட்டதும் நம் ரயில் நகர்வதாக நாம் ஏமாறுவதில்லையா? அவர் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து லாரி நகர்ந்தால், தம் கார் பின்னோக்கி உருள்வதாக உணர்ந்து பிரேக்கை மிதிப்பார். இரவில் கண்ணுக்குப் பிடிமானம் குறைவு. மர நிழல் மாறி மாறி விழும் சாலையும், மழைத் துடைப்பானின் ஆட்டமும் கிறக்கம் தரும். ஒரு காது கேளாததால் ஹார்ன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் தெரியாது. ஏனெனில் ஒலியின் திசையை இரு காதுகளையும் ஒப்பிட்டே மூளை அறிகிறது. இருசக்கர வண்டியிலோ, வண்டியின் சமநிலையையும் ஓட்டுநரே காக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அதற்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

இடரே மருந்து

தலையைத் திருப்பினால் கிறக்கம் வருகிறது என்று பலர் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொள்கிறார்கள். இது தவறு. காட்சி வழுக்கும்போதுதான் மூளை தன் பிழையை அறிகிறது. பிழையை அறிந்தால்தான் திருத்திக்கொள்ளும். இங்கிலாந்தில் 1940களில் காதோர்ன், குக்ஸி என்ற மருத்துவர்கள் இதற்கென்றே பயிற்சிகளை வகுத்தனர். முதலில் கண்ணை மட்டும் அசைப்பது, பிறகு தலையை மெதுவாகவும் வேகமாகவும் திருப்புவது, பின்னர் எழுந்து நடப்பது, பந்தை எறிந்து பிடிப்பது என்று அவை படிப்படியாகச் செல்லும். இன்றைய சமநிலைப் பயிற்சிகளுக்கு அவையே அடிப்படை. தலைசுற்றலை அடக்கும் மாத்திரைகள் முதல் சில நாள் உதவும். ஆனால் அவற்றில் பல தூக்கம் தருபவை. நீண்ட நாள் எடுத்தால் மூளையின் திருத்தத்தையும் தாமதப்படுத்தக்கூடியவை. மருத்துவரைக் கேட்காமல் தொடரவும் கூடாது. அவற்றை விழுங்கிவிட்டு ஓட்டவும் கூடாது.

ஆகவே வீட்டில் தலையைத் திருப்பிப் பழகுங்கள், சாலையில் பழகாதீர்கள். மருத்துவர் இசைவு தந்த பிறகு, முதலில் நிறுத்திய காரில் உட்கார்ந்து, கண்ணாடிகளையும் தோளின் பின்புறத்தையும் வேகமாகப் பார்த்துப் பழகலாம். பிறகு பிறர் ஓட்ட, முன் இருக்கையில் அமர்ந்து செல்லலாம். அதன் பின் பகலில், வெற்றிடத்தில், ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கலாம். நெரிசலும் இரவும் கடைசியில்தான்.

முன்னறிவிப்பின்றித் திடீரென வரும் தலைசுற்றல் உள்ளவர்கள், அது கட்டுக்குள் வரும்வரை ஓட்டவே கூடாது. நம் நாட்டில் ஓட்டுநர் உரிமத்திற்கான உடல்தகுதி அறிவிப்புப் படிவத்தின் முதல் கேள்வியே வலிப்பு, திடீர் மயக்கம், எக்காரணத்தாலும் வரும் தலைசுற்றல் ஆகியவை உண்டா என்பதுதான். பிரிட்டனில் இக்கட்டி உள்ள கார் ஓட்டுநர்கள், திடீரென்று வந்து செயலிழக்கச் செய்யும் தலைசுற்றல் இல்லாதவரை ஓட்டலாம். அத்தகைய தலைசுற்றல் இருந்தால் நிறுத்திவிட்டு உரிம அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நோயின் பெயரைப் பார்த்துத் தடுப்பதில்லை. அதன் விளைவைப் பார்த்தே தடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஓட்டும்போதே கிறக்கம் வந்தால் என்ன செய்வது? தலையைத் திருப்பாமல், நேரே தொலைவிலுள்ள அசையாத பொருள் ஒன்றில் பார்வையை நிறுத்துங்கள். வேகத்தைக் குறைத்து, சைகை காட்டி, ஓரமாக நிறுத்துங்கள். சற்று நேரத்தில் சரியாகிவிட்டாலும் அன்று சாவியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வண்டி ஓட்டுவது பலருக்குப் பிழைப்பு. பலருக்குத் தன் காலில் நிற்பதன் அடையாளம். அதை விட்டுவிடு என்று சொல்வது எளிதன்று. ஆனால் பெரும்பாலோருக்கு இது நிரந்தரத் தடை அன்று. மூளை தன் தராசைத் திருத்திக்கொள்ள நாம் கொடுக்கும் அவகாசமே. மீண்டும் ஒரு முறை இதழை அசையாமல் பிடித்துத் தலையை ஆட்டிப் பாருங்கள். எழுத்துகள் நின்ற இடத்தில் நிற்கின்றனவா? சாலையும் அப்படியே நிற்க வேண்டும். அதுவரை பிறர் ஓட்டட்டும்.