தொண்ணூற்றொன்றாம் தொட்டி

பாவூர்சத்திரம், தென்காசிப் பக்கத்துக் குடும்பமா உங்களுடையது? அப்படியானால் 'இவாக்குவேஷன்' என்ற வார்த்தையைப் பாட்டி வாயால் கேட்டிருப்பீர்கள்.

1942-ம் வருஷம், ஏப்ரல் 5-ந் தேதி. ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது சென்னைதான் என்று பட்டணமே கிடுகிடுத்தது. பாத்திரம் பண்டங்களை மூட்டை கட்டிக்கொண்டு, கைக்குழந்தைகளுடன் ஜனங்கள் சொந்த ஊர்களுக்கு ரயிலேறினார்கள்.

ஆனால் அந்த விமானங்கள் சென்னைக்கு வரவில்லை. 9-ந் தேதி காலை திரிகோணமலைக்குப் போயின.

அங்கே கடற்படைக்கு எண்ணெய் சேர்த்து வைக்கும் பிரம்மாண்டமான இரும்புத் தொட்டிகள், காட்டுக்குள் வரிசை வரிசையாக நின்றன. வந்த விமானங்களில் ஒன்று 91-ம் நம்பர் தொட்டியின் மேல் விழுந்தது. தீ ஏழு நாள் எரிந்ததாகச் சொல்கிறார்கள். தொட்டியின் சுவர் இளகி மடிந்து, இன்றும் அப்படியே துருப்பிடித்துக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு பெயர்ப் பலகை. ஷிகெனோரி வதனபே, டோக்கியா கோட்டோ, சுடோமு டோஷிரா என்று மூன்று பெயர்கள்.

வேண்டுமென்றே பாய்ந்தார்கள் என்பது ஒரு கட்சி. சுடப்பட்டு, நிலை தவறி விழுந்தது என்பது இன்னொரு கட்சி. சரித்திரக்காரர்கள் வாதாடிக்கொள்ளட்டும். என் மனம் போவது வேறு பக்கம்.

அந்த ரக விமானத்தில் மூவரும் ஒரே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் பின் ஒருவராக உட்காருவார்கள். முன்னால் விமானி. நடுவில் வழி பார்ப்பவர். கடைசி ஆசாமிக்கு ரேடியோவும் துப்பாக்கியும். சுடும்போது அவர் வால் பக்கம் பார்த்துத் திரும்பியிருப்பார். விமானம் எதை நோக்கிப் போகிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. விலகிப் போகும் வானம்தான் தெரியும். பாய்வது என்று விமானி முடிவு செய்திருந்தால், பின்னால் இருந்த பிள்ளைகளை யார் கேட்டார்கள்? வீரக் கதை சொல்லுகிறவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். பெற்றவளால் தாண்ட முடியுமா, சொல்லுங்கள்!

எதிர்த் தரப்பிலும் இதே கதைதான். அதே நாளில் பிரிட்டிஷ் விமானப் படையின் 11-வது பிரிவைச் சேர்ந்த ஒன்பது 'பிளென்ஹீம்' விமானங்கள் ஜப்பானியக் கப்பல்களைத் தேடிப் போய்த் தாக்கின. குண்டுகள் கப்பல்களுக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தன, ஒன்றாவது படவில்லை. ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. அவற்றிலும் விமானத்துக்கு மூன்று பேர்தான்: ஓட்டுகிறவர், வழி சொல்லுகிறவர், துப்பாக்கிக்காரர்.

திரிகோணமலைக்குப் போகிறவர்கள் கோணேசுவரரைத் தரிசித்துவிட்டு நிலாவெளிக் கடற்கரைக்குக் கிளம்புவது வழக்கம். அந்தச் சாலையிலேயே யுத்த மயானம் இருக்கிறது. கொஞ்சம் வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். புல்வெளியில் ஒரே அளவான கற்கள். பெயர், பதவி, இறந்த தேதி, பல கற்களில் வயதும் உண்டு. பெண்கள் கண் முதலில் வயதுக்குத்தான் போகும். சில கற்களின் அடியில் சின்னதாக ஒரு வரி செதுக்கியிருக்கும். வீட்டார் தாங்களே யோசித்து எழுதி அனுப்பிய வரி அது. இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது என்று கணக்கு வேறு!

கடலோடு போன விமானக்காரர்களுக்கு அந்தக் கல்லும் கிடையாது. சிங்கப்பூரில், கிராஞ்சி மயானத்து நினைவுச் சுவரில், ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவே அவர்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.