கேஸ் ஷீட்டில் எழுதப்படும் முதல் வரி

மேல்வயிற்றில் பிடித்து முதுகுவரை பாயும் வலி. மல்லாந்து படுத்தால் கூடும். தலையணையை வயிற்றோடு அணைத்துக் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். வாந்தி எடுத்த பிறகும் வலி குறையாது. கணைய அழற்சி வந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண்கள் சிலர், பிரசவ வலியே தேவலாம் என்பார்கள். இந்த வலியோடு ராத்திரியில் கிளினிக் படியேறுகிறவருக்கு நம்மூரில் முதலில் கிடைக்கும் பதில், "கேஸ் ட்ரபிள்தான், பயப்படாதீங்க." ஒரு ஊசி, நாலு மாத்திரை, வீட்டுக்குப் போகலாம்.

பல சமயம் அது வாயுத் தொல்லையாகவே இருக்கும். மருத்துவர் சொன்னது தப்பில்லை. ஆனால் ஊசி போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகியும் வலி அப்படியே இருந்தால், அந்தப் பதிலோடு வீட்டில் படுத்துக் கிடக்கக் கூடாது. அப்போது கேட்க வேண்டியவை இரண்டு: ஒரு ஈசிஜி, ரத்தத்தில் லிபேஸ் பரிசோதனை. மாரடைப்பும் சில நேரம் மேல்வயிற்று வலியாக வரும் என்பதால் ஈசிஜி. லிபேஸ், கணையம் சுரக்கும் நொதி. அது ரத்தத்தில் இயல்பின் உச்ச அளவைவிட மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்து, வலியும் மேலே சொன்ன விதமாக இருந்தால் கணைய அழற்சி என்று உறுதி செய்துவிடலாம். அதற்கு சி.டி. ஸ்கேன்கூட வேண்டியதில்லை. லிபேஸ் பார்க்க வசதியில்லாத இடங்களில் அமிலேஸ் பார்ப்பார்கள். ஆனால் வலி தொடங்கிச் சில நாள் கழித்துப் போனால் அமிலேஸ் இயல்புக்கு இறங்கியிருக்கும். "ரிப்போர்ட் நார்மல்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் இப்படித் தவறிப்போனவர்களும் உண்டு.

எங்கள் தெருவில் இட்லிக் கடை நடத்தும் அக்காவுக்கு நடந்தது இதுதான். அடுத்தடுத்து மூன்று தடவை கிளினிக்குக்குப் போய், மூன்று தடவையும் வாயு ஊசி போட்டுக்கொண்டு வந்தார். நாலாவது தடவை அவர் மகள் பிடிவாதமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே பார்த்த லிபேஸ், இயல்பைவிடப் பல மடங்கு. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். இவ்வளவுக்கும் பிறகு அவர் கேஸ் ஷீட்டில் யாரோ ஒரு டியூட்டி டாக்டர் "ஆல்கஹால்" என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தார். ஆயுளில் ஒரு சொட்டுத் தொடாத பெண்மணி. அந்தக் கேள்விக்குறி பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிவரை போய் நின்றது.

கணைய அழற்சி என்றாலே குடி என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. உலக அளவில் இந்த நோய்க்கு முதல் காரணம் பித்தக்கல், மது அடுத்தபடி. ரத்தத்தில் டிரைகிளிசரைடு 1000 மில்லிகிராமைத் தாண்டினாலும் வரும். கால்சியம் மிகுந்தாலும், வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகளாலும், மேல்வயிற்றில் பலமாக அடிபட்டாலும் வரலாம். காரணமே பிடிபடாதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அட்மிட் ஆன உடனே வயிற்று அல்ட்ராசவுண்டு, டிரைகிளிசரைடு, கால்சியம் மூன்றும் பார்த்தாகிவிட்டதா என்று குடும்பத்தார் கேட்டுக்கொள்வது நல்லது. காரணம் தெரியாமல் டிஸ்சார்ஜ் ஆனால் நோய் திரும்பி வரலாம்.

குடிப்பவருக்கு வந்திருந்தால் நிலைமை வேறு மாதிரி சிக்கலாகும். "குடிச்சே கெட்டான், அனுபவிக்கட்டும்" என்ற குரல் வார்டில் கேட்கும். சில சமயம் சொந்த வீட்டிலிருந்தே கேட்கும். அவருக்கும் வலி ஒன்றுதான். வலி தாங்க முடியாதபோது ஃபென்டனில், மார்பின் போன்ற வலுவான மருந்து தரலாம் என்பதே இன்றைய மருத்துவ வழக்கம். வலி மருந்து கொடுத்தால் நோயின் அறிகுறி மறைந்துபோகும், பழக்கமாகிவிடும் என்று சொல்லி ராத்திரி முழுக்க ஒருவரைக் கத்தவிடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

குடும்பத்தார் ஒன்றை மட்டும் மறைக்கவே கூடாது. தினமும் எவ்வளவு குடித்தார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும். மானத்துக்குப் பயந்தோ இன்சூரன்ஸுக்குப் பயந்தோ "எப்பவாவது விசேஷத்துக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். தினமும் குடித்தவர் ஆஸ்பத்திரியில் திடீரென நிறுத்தும்போது இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுக்கம், குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது, வலிப்பு என்று வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுக்க முடியும். தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பத்தில் எட்டுப் பேருக்கு நோய் லேசாக வந்து ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். மீதிப் பேருக்கு நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கலாம். யார் எந்தப் பக்கம் போவார்கள் என்று லிபேஸ் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. லிபேஸ் இரண்டாயிரம் இருந்தவர் நாலாம் நாள் நடந்து வீட்டுக்குப் போவதும் உண்டு. தினம் தினம் அதைத் திரும்பப் பார்ப்பதில் பெரிய பயனில்லை. பார்க்க வேண்டியது சிறுநீர், மூச்சு, நாடி. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் இறங்க வேண்டும். படுக்கையோரம் தொங்கும் பையில் இருப்பதை நர்ஸிடம் கேட்டுத் துணைக்கு இருப்பவரே ஒரு நோட்டில் குறித்துவைக்கலாம். மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, சிறுநீர் குறைகிறது என்றால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது.

சிகிச்சை பற்றிய பழைய பழக்கங்கள் பலவும் இந்தப் பத்திருபது ஆண்டுகளில் மாறிவிட்டன. டிரிப்ஸ் எவ்வளவு அதிகம் ஏற்றினாலும் நல்லது என்று முன்பு நினைத்தார்கள். 2022இல் வெளியான வாட்டர்ஃபால் என்ற ஆய்வு, அளவு மீறி ஏற்றினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது, நோய் கடுமையாவதையும் அது தடுக்கவில்லை என்று காட்டியது. இன்று ரிங்கர் லாக்டேட்டை அளவாக ஏற்றி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்து முடிவெடுக்கிறார்கள். நாள் கணக்கில் பட்டினி போடுவதும் பழைய முறை. வாந்தி நின்று பசி எடுத்தால் ஓரிரு நாளிலேயே கஞ்சி, இட்லி என்று தொடங்கலாம். வாயால் முடியாதவர்களுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு தருவார்கள். குடல் வேலை செய்துகொண்டிருந்தால் கிருமித்தொற்று குறையும். தொற்றுக்கு அறிகுறி இல்லாதபோது விலையுயர்ந்த ஆன்டிபயாட்டிக் வரிசையாகப் போட வேண்டியதில்லை. நோய் தெளிவாகத் தெரியும்போது முதல் நாளே சி.டி. எடுப்பதும் அப்படித்தான், திசு அழுகியிருக்கிறதா என்பது மூன்று நாளாவது கழிந்த பிறகுதான் ஸ்கேனில் சரியாகத் தெரியும். "ஏன் சார் இந்த ஊசி, எதுக்காக இந்த ஸ்கேன்?" என்று பணிவாகக் கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை இருக்கிறது. நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

பித்தக்கல்லால் வந்திருந்தால் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: பித்தப்பையை எப்போது எடுப்பீர்கள்? "ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்புவது நெடுநாள் வழக்கம். அந்த ஆறு வாரத்துக்குள் பலருக்கு இரண்டாம் முறை வந்துவிடுகிறது, சிலருக்கு முதலில் வந்ததைவிடக் கடுமையாக. நோய் லேசாக இருந்தவர்களுக்கு அதே அட்மிஷனிலேயே பித்தப்பையை எடுத்துவிடுவதே சரி என்று நெதர்லாந்தில் நடந்த பாஞ்சோ ஆய்வு 2015இல் காட்டியது. இன்றைய வழிகாட்டுதல்களும் அதையே சொல்கின்றன. அழுகலோ நீர்க்கட்டோ உள்ளவர்களுக்கு மட்டும் தள்ளிப்போட வேண்டும். கணையம் அழுகி அதில் கிருமி சேர்ந்தால் உடனே கத்தி வைப்பதைவிட, முடிந்தால் நாலு வாரம் தாக்குப்பிடித்து, முதலில் குழாய் வைத்துச் சீழை வடித்து, பிறகே தேவைக்கேற்ப மேலே போவது உயிர்காக்கும் வழி. இதைச் செய்ய எண்டோஸ்கோபி, ஸ்கேன் வழிச் சிகிச்சை, ஐசியூ, குடல் அறுவை நிபுணர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேண்டும். சின்ன ஆஸ்பத்திரி இதற்கு இடமில்லை. சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, மதுரையில் ராஜாஜி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன.

மாற்றி அனுப்பும்போது "பெட் இல்லை, முன்பணம் கட்டுங்க" என்று வாசலிலேயே நிறுத்துவது சட்டப்படி செல்லாது. அவசர நிலையில் வருபவருக்கு உயிர்காக்கும் சிகிச்சை தருவது அரசு, தனியார் எந்த மருத்துவருக்கும் கடமை என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஒருவரைக் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் படுக்கை இல்லையென்று ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், அது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவை மீறியது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. முதலுதவி தந்து நிலைப்படுத்தி, சுருக்கக் குறிப்போடு 108 ஆம்புலன்ஸில் அனுப்பும்படி கேளுங்கள்.

தீவிர நோய் அடங்கிய பிறகும் சிலருக்கு இது நாள்பட்டதாகிவிடும். தென்னிந்தியாவுக்கு இதில் சோகமான தனி வரலாறு உண்டு. குடிப்பழக்கமே இல்லாத இளம் வயதினருக்கு வயிற்றுவலி, கணையம் முழுக்கச் சுண்ணாம்புக் கல், கூடவே சர்க்கரை நோய் என்று வருவதைக் கேரளத்தில் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் 1960களிலிருந்து பெரிய அளவில் பதிவு செய்தார். மரவள்ளிக்கிழங்கின் மேல் அப்போது விழுந்த பழி நிரூபணமாகவில்லை. ஸ்பிங்க்1 போன்ற மரபணு மாற்றங்கள் பலரிடம் காணப்பட்டன. இந்த இளைஞர்களைப் பார்த்து "மறைஞ்சு மறைஞ்சு குடிக்கிறான்" என்று முடிவு கட்டும் உறவினர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நாள்பட்ட நோயில் வலியைவிட மெதுவாகக் கொல்வது செரிமானக் குறைவு. கழிப்பறையில் மலம் எண்ணெய் மிதக்க, தண்ணீர் ஊற்றியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், உடம்பு இளைத்துக்கொண்டே வந்தால், நொதி மாத்திரை தேவை. அந்தக் கேப்சூலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ பின்போ போடக் கூடாது. முதல் சில வாயோடு ஒன்றும் பாதிச் சாப்பாட்டில் மற்றொன்றுமாக விழுங்க வேண்டும். சாதாரணமாக ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 25,000 முதல் 40,000 யூனிட் லிபேஸ் வரை தேவைப்படும். பலருக்கு அதில் கால்வாசிதான் எழுதிக் கொடுக்கப்படுகிறது. இது பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் மருந்து என்பதை நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். அவர் நம்பிக்கைப்படி முடிவெடுப்பது அவர் உரிமை. நொதி எடுத்துக்கொள்ளும்போது எண்ணெயை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. ஒதுக்கினால், ஏற்கெனவே மெலிந்தவரை மேலும் பட்டினி போடுவதுதான் நடக்கும். புகை பிடிப்பதை விட்டே ஆக வேண்டும். மது போலவே அதுவும் கணையத்தைத் தின்னும். கணையம் பழுதாகி வரும் சர்க்கரை நோய் வழக்கமான வகை இல்லை. பலருக்கு இன்சுலின் வேண்டியிருக்கும், அதே நேரத்தில் சர்க்கரை சட்டென்று அபாயகரமாக இறங்கவும் செய்யும். மருத்துவரிடம் பழைய கணைய நோயைச் சொல்லாமல் சர்க்கரை மாத்திரை மட்டும் வாங்கி வரக் கூடாது.

இனி காகிதமும் பணமும். கேஸ் ஷீட், லேப் ரிப்போர்ட், ஸ்கேன் எல்லாவற்றின் நகலையும் எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. கட்டாயம் கேளுங்கள். மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் மதுப்பழக்கத்துக்கும் அதன் விளைவுகளுக்கும் விலக்கு போட்டிருப்பார்கள். காரணம் பித்தக்கல்லாக இருந்தும் எங்கேயோ ஒரு மூலையில் எழுதிய "ஆல்கஹால்" என்ற சொல்லைப் பிடித்து கிளெய்மை மறுப்பது நடக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே சம்மரியை வாங்கிப் படித்து, நோய்க்குக் காரணம் என்ன என்று தெளிவாக எழுதியிருக்கிறதா, தவறாக இருந்தால் திருத்தித் தருவாரா என்று சிகிச்சை அளித்த மருத்துவரிடமே கேட்க வேண்டும். இல்லாததை எழுதச் சொல்வது வேறு. தவறைத் திருத்தச் சொல்வது உரிமை. எங்கள் அக்கா குடும்பம் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் அறுவை செய்தவரின் கடிதத்தையும் வைத்துத்தான் பணத்தை மீட்டது.

கம்பெனி மறுத்தால் முதலில் அவர்களின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் ஒப்பாவிட்டாலும் சென்னையில் உள்ள காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஆனால் மறுப்புக் கடிதம் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்று ஆஸ்பத்திரியிலுள்ள திட்டக் கவுன்டரிலேயே கேட்கலாம். தனியார் மருத்துவமனையின் கவனக்குறைவுக்கு நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே நடந்த தவறுக்கு மாநில மனித உரிமை ஆணையத்தையோ மருத்துவக் கவுன்சிலையோ அணுகலாம். மதுவை விடுவதற்கு உதவி தேவைப்படுகிறவர் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழில் பேசலாம். அதை டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே, நோயாளி கட்டிலில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.