எஞ்சியதை அளந்தவர்

இலண்டன் குயீன் சதுக்கத்து நரம்பியல் மருத்துவமனையில் நோயாளியின் எதிரே அமர்ந்த எலிசபெத் வாரிங்டன் கையாண்டவை கோட்டுப்படங்களும் சொற்பட்டியல்களுமே. மூளை சிதைந்தோரிடம் அழிந்ததை அளந்த அதே கண்டிப்புடன் பிழைத்திருப்பதையும் அவர் அளந்தார். நரம்பு உளவியலுக்கு அவர் தந்த பெருங்கொடை அதுவே என்பேன்.

1968-இல் லாரன்சு வைசுகிராண்ட்சும் அவரும் நினைவிழந்தோரிடம் ஓர் ஆய்வு நடத்தினர். கோடுகள் பெரும்பாலும் அழிக்கப்பட்ட படமொன்றை முதலில் காட்டுவர். இன்னதென்று புலப்படாவிடில் கோடுகள் சற்றுக் கூடிய அடுத்த படம், இறுதியில் முழுப்படம். மறுநாளும் அதே தேர்வு. முந்தைய தேர்வை நினைவுகூர இயலாத அவர்களே, முன்னினும் குறைந்த கோடுகளில் படத்தை இனங்கண்டனர். நினைவில்லை என வாய் சொன்னாலும் கற்றல் நிகழ்ந்திருந்தது.

1975-இல் வாரிங்டன் விவரித்த, மூளை சிதைந்த நோயாளர் மூவரின் நிலை வேறு. அவர்கள் இழந்தது சொற்களின், பொருள்களின் அறிவை. ஒருவர் 'மன்றாடல்' என்னும் கருத்துடைய ஆங்கிலச் சொல்லைத் தெளிவாக விளக்கினார். ஊசி என்றால் என்னவென்று கேட்டதற்கு மறந்துவிட்டதாகச் சொன்னார்.

1984-இல் டிம் ஷாலிசுடன் சேர்ந்து, அக்கி வகை நச்சுயிரி தாக்கி மூளையழற்சிக்கு ஆளான நால்வரை ஆராய்ந்தார். அவர்களுள் திசைகாட்டி எதற்கென்று சொல்லத் தெரிந்த ஒருவருக்குக் கிளி எதுவென்று சொல்லத் தெரியவில்லை. உயிருள்ளவற்றை விளக்குவது பொதுவாகவே கடினம், அவ்வளவுதான் என ஒருவர் மறுக்கலாம். நல்ல மறுப்புத்தான். ஆனால் ரோசலீன் மெக்கார்த்தியும் வாரிங்டனும் 1983-இலேயே நேர்மாறான ஒருவரை விவரித்திருந்தனர்: அவருக்கு உயிரினங்களைவிடப் புழங்குபொருள்களே மிகவும் தடுமாற்றம் தந்தன. கடினம் ஒன்றே காரணமாயின் இந்த எதிர்நிலை தோன்றியிராது. அறிவு மூளையில் வகைவகையாய்ச் சிதையக்கூடும் என்பதற்கு இவ்விரு நோயாளரும் சேர்ந்தே சான்றாகின்றனர். ஒருவர் மட்டும் போதார்.

மறதியிலும் எஞ்சும் கற்றலைப் பற்றிய இத்தகைய ஆய்வு ஏட்டில் நின்றுவிடவில்லை. மறதியுற்றோரை ஊகிக்கவிடாமல் சரியான விடையை முதலிலேயே சொல்லிப் பழக்குவது மேல் என ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994-இல் காட்டினர். "யோசித்துப் பாருங்கள் அப்பா" என்று பரிவோடு வற்புறுத்தும் மகள் இதை அறிந்திருக்க வேண்டும். மறதியுற்ற தந்தை தடுமாறிச் சொல்லும் தவறான பெயர் படிந்துவிடுகிறது. அது தவறெனத் திருத்தியது தங்குவதில்லை. ஆகவே பேரனின் பெயரை அவள் முந்திக்கொண்டு சொல்லலாம், அவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும்.