மழை நீரும் காரின் மூச்சுக் குழாயும்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடைக்குள் தண்ணீர் புகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை நம் வணிகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சர்க்கரை மூட்டையைத் தரையில் போடாமல் கட்டை வைத்து அதன்மேல் அடுக்குகிறோம். ஷட்டர் ஓரத்தில் மணல் மூட்டை வைக்கிறோம். ஆனால் கடை வாசலில் நிற்கும் காரைப் பற்றி மட்டும் நாம் நினைப்பதில்லை. வெளியில் நிற்பதற்கென்றே செய்த பொருள்தானே என்று விட்டுவிடுகிறோம். நனைவதால் கார் கெடாது என்பது உண்மை. ஆனால் என்ஜின் தண்ணீரைக் குடித்துவிட்டால் கெடும். எந்த வழியாகக் குடிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பதை நம் உறுப்பினர்களின் கவனத்திற்குக் கொண்டு வர விரும்புகிறோம்.

இதை எழுதத் தூண்டியது நமக்கு நன்கு தெரிந்த மொத்த மளிகை வியாபாரி ஒருவருக்கு ஏற்பட்ட நஷ்டம். அவருடைய மகன் காரில் கம்பெனி பொருத்தியிருந்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, 'கோல்டு ஏர் இன்டேக்' என்று சொல்லப்படும் குழாயை மாட்டியிருந்தார். அது என்னவென்று தந்தைக்குத் தெரியாது. ஒரு மழை நாளில் கொள்முதல் முடித்துத் திரும்பும்போது சாலையில் தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. முன்னே பின்னே சென்ற கார்கள் எல்லாம் போய்விட்டன, இவர் வண்டி மட்டும் நின்றது. பதற்றத்தில் மூன்று நான்கு முறை செல்ஃப் எடுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம், அத்துடன் சரி. என்ஜினைப் பிரித்தபோது கனெக்டிங் ராட் இரண்டு வளைந்திருந்தன. இன்சூரன்ஸும் கிடைக்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? என்ஜினுக்கு எரிபொருளோடு காற்றும் வேண்டும். கம்பெனிக்காரர்கள் காற்று இழுக்கும் வாயைப் பெரும்பாலும் போனட்டுக்கு அடியில், ரேடியேட்டரின் மேல்மட்டத்திலோ ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ உயரமாக வைப்பார்கள். வழியில் ஒரு பெட்டி இருக்கும். தப்பித்தவறி உள்ளே வரும் துளிகள் அதன் அடியில் தங்கி, சிறு துவாரம் வழியே வெளியேறிவிடும்.

போனட்டுக்குள் காற்று சூடாக இருக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதில் பிராணவாயு அதிகம், எனவே என்ஜினுக்கு இழுவை கூடும் என்பது இளைஞர்களின் கணக்கு. கணக்கு தவறில்லை. நகரத்து நெரிசலில் ஓடும் காருக்கு அந்தக் கூடுதல் இழுவையால் என்ன பயன் என்பது வேறு விஷயம்! குளிர்ந்த காற்றுக்காகக் குழாயைக் கீழே இறக்கி, பம்பருக்குப் பின்னாலோ சக்கர வளைவுக்குள்ளோ கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தபடி மாட்டுகிறார்கள். பல கார்களில் அது தரையிலிருந்து ஒரு முழத்துக்கும் குறைவான உயரத்தில் இருக்கும். மேலே அடுக்கியிருந்த மூட்டையை நாமே எடுத்து அடி வரிசையில் வைத்தது போலத்தான்.

எவ்வளவு தண்ணீர் போனால் ஆபத்து? 1200 சி.சி. பெட்ரோல் என்ஜினில் நான்கு சிலிண்டர் என்றால் ஒன்றுக்கு 300 சி.சி. பிஸ்டன் மேலே வரும்போது காற்றைப் பத்தில் ஒரு பங்காக நசுக்குகிறது என்று கொண்டால், மேலே மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லிதான். சிறிய காபி டம்ளரில் பாதிகூட இராது. டீசல் என்ஜின் காற்றை இன்னும் அதிகமாக நசுக்குவதால் அங்கே மிஞ்சும் இடம் இன்னும் குறைவு. காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. அந்த இடத்தைவிட அதிகமாகத் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் மேலே வர வழியில்லாமல் முட்டிக்கொள்ளும், ராட் வளையும். நிமிடத்திற்கு 2000 சுற்று ஓடும் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்குப் பதினாறு முறைக்கு மேல் மூச்சு இழுக்கிறது. ஃபில்டர் மூழ்கிய பிறகு யோசிக்க நேரம் கிடையாது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சாதாரண மழையில் ஓட்டினால் ஃபில்டர் ஈரமாகும், அவ்வளவுதான். சில துளிகள் உள்ளே போனாலும் ஆவியாகிவிடும். ஃபில்டர் தண்ணீரில் மூழ்குவதே ஆபத்து. அதனால்தான் மேலே போடும் தண்ணீர் ஒட்டாத துணி உறையை நம்பி வெள்ளத்தில் இறங்கக் கூடாது. அது சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீரைத் தடுக்கும், மூழ்கினால் பயனில்லை. குழாயின் மேல்பகுதியில் பொருத்தும் 'பைபாஸ் வால்வு' ஒன்று உண்டு. கீழே ஃபில்டர் மூழ்கி இழுவை கூடும்போது அது திறந்து மேலிருந்து காற்றைக் கொடுக்கும். ஆனால் டர்போ உள்ள என்ஜின்களுக்கு அது பொருந்தாது, இன்றைய டீசல் கார்களில் பெரும்பாலும் டர்போதான். சக்கர வளைவில் உள்ள பிளாஸ்டிக் மறைப்பு உடைந்திருந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். ஃபில்டரைப் பாலிதீன் பையால் சுற்றுவதை ஓரிரு இடங்களில் பார்த்தோம். அது என்ஜினின் மூக்கைப் பொத்துவது, செய்யவே கூடாது.

உறுதியான வழி ஒன்றுதான். மழைக்காலத்துக்கு முன் பழைய பெட்டியைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். கழற்றி மாட்ட மெக்கானிக்குக்கு அதிக நேரம் ஆகாது.

சரக்கு ஏற்றும் குட்டி யானை, வேன் வைத்திருப்போரும் ஒரு காரியம் செய்யலாம். காற்று இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்று மெக்கானிக்கைக் காட்டச் சொல்லி, தரையிலிருந்து டேப் வைத்து அளந்து, அதற்கு அரை அடி கீழே வண்டியின் பக்கத்தில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். எதிரே பஸ் வந்தால் அலை எழும்பும், அதற்காகவே அந்த அரை அடி. டிரைவரிடம் கோட்டைக் காட்டினால் போதும், விளக்கம் வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களிலும் பெய்தது போன்ற மழைக்கு எந்தக் கோடும் உதவாது. காயல்பட்டினத்தில் அப்போது ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அத்தகைய நாளில் வண்டியை முன்கூட்டியே மேட்டில் நிறுத்துவதே வழி.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் செல்ஃப் எடுக்கவே கூடாது. ஒரு முறைகூட. சாவியை அணைத்துவிட்டு மேட்டுக்குத் தள்ளுங்கள், பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். மெக்கானிக் வந்து ஃபில்டரைப் பார்க்கட்டும். உள்ளே ஈரம் இருந்தால் பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கையும், டீசல் வண்டியில் இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக்கையும் கழற்றி, என்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் செலவு ஆயிரங்களில் முடியும். செல்ஃப் எடுத்துவிட்டால் லட்சத்தைத் தொடலாம்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் நம் வண்டிக்கு ஒரு பைசாவும் வராது. முழு பாலிசியில் வெள்ளச் சேதம் உண்டு. ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியைச் செல்ஃப் எடுத்து என்ஜின் உடைந்தால், அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் அல்ல, பின்விளைவு என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். இதற்கென 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பிரிவைத் தனி பிரீமியம் கட்டி வாங்க வேண்டும். அதிலும் நிபந்தனைகள் உண்டு, கையெழுத்திடும் முன் படித்துவிடுவது நல்லது. வண்டியில் மாற்றம் செய்ததை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்காமல் இருந்தால் சர்வேயருக்கு மறுக்க இன்னொரு காரணம் கிடைக்கும். மேலே சொன்ன வியாபாரிக்கு இரண்டுமே நேர்ந்தன.

அவருடைய காருக்கான பழைய ஃபில்டர் பெட்டியை மகன் காயலான் கடைக்குப் போட்டுவிட்டிருந்ததால், புதிதாக வாங்கித்தான் மாட்ட வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கழற்றியிருந்தால், அந்தப் பெட்டி பரணில் பத்திரமாக இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.