ஆற்றில் இறங்குமுன் கரையிலே முடிவெடுப்போம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்லிக்கொள்ள எமக்கு இருந்தது வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரி பொழிந்தால் மட்டுமே ஓடும். கடலையும் குளத்தையும் கிணற்றையும் அறிந்த குடாநாட்டார், பாறைகளுக்கிடையே சீறிப் பாயும் ஆற்றை அறிந்தவரல்லர். இன்றோ எண்ணற்ற ஆறுகளும் ஏரிகளும் நிறைந்த ஒன்ராறியோ மாகாணத்தில் வாழ்கிறோம். எமது பிள்ளைகள் அந்த ஆறுகளை நாடிச் செல்ல விரும்புவதில் வியப்பில்லை.

சென்ற மாரிகாலத்தில் ஸ்காபரோவிலுள்ள ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் நாம் எழுவர் கூடினோம். 1893இல் நிறுவப்பட்ட அல்கொன்குவின் பூங்காவின் வடகிழக்கே ஓடும் பெற்றவாவா ஆற்றில், நான்கு நாள் பயணம் ஒன்றுக்குத் திட்டமிடுவதே நோக்கம். ட்ரவர்ஸ் ஏரியில் இறங்கி மக்மனஸ் ஏரியில் கரையேறுவது என்று வரைபடத்தில் கோடிட்டோம். இவ்வழியில் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே ஆறு புகுந்து செல்லும் இடமொன்று உண்டு. ஓவியர் ரொம் தொம்சன் 1916இல் இந்த ஆற்றின் மலையிடுக்கை வரைந்தார். மறு ஆண்டே இதே பூங்காவின் ஏரியொன்றில் அவர் உயிரிழந்தார்.

முதுகில் சுமக்கும் வள்ளம்

நாம் தெரிவு செய்தது ‘பக்ராஃப்ட்’ எனப்படும் காற்றடைத்த சிறு வள்ளம். இரண்டு முதல் நான்கு கிலோ வரை நிறையுள்ள இதனைச் சுருட்டி முதுகுப் பையில் வைத்துக்கொள்ளலாம். எண்ணம் புதிதன்று. 1840களில் பீற்றர் ஹால்கெற் என்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரி அமைத்த காற்றடைத்த வள்ளத்தை, ஜோன் ரே கனடாவின் வடபுலப் பயணத்தில் பயன்படுத்தினார். இவ்வள்ளம் பாறையில் மோதினால் துள்ளி விலகும். ஆனால் அசைவற்ற ஏரியிலோ எதிர்க்காற்றிலோ ஆமையாக நகரும். ஆகவே மரவள்ளத்தில் செல்வோர் ஒரு நாளில் கடக்கும் தூரத்தை நாமும் கடப்போம் என்று கணக்கிட்டால் இருட்டிலே தவிக்க நேரும்.

சில விதிகள் எம்மைச் சிரிக்க வைத்தன. சில சிந்திக்க வைத்தன. பூங்காவின் உட்பகுதிக்குத் தகரப் பேணியும் போத்தலும் கொண்டுசெல்லத் தடை. ‘ரின்மீன்’ இல்லாமல் நான்கு நாட்களா என்று ஒருவர் கலங்கினார். அரிசியும் பருப்பும் வறுத்த மாவும் போதும் என்று தேற்றினோம். கரடிகள் நெருங்காதிருக்க உணவை இரவில் கூடாரத்துக்கு அப்பால், மரக்கிளையில் உயரக் கட்டவேண்டும். மக்மனஸ் ஏரிக்குக் கீழே ஆறு இராணுவத் தளத்துக்குள் புகுகிறது. அங்கே செல்ல அனுமதியில்லை. ஆகவே கரையேறும் இடம் தவறக்கூடாது. அங்கே முன்கூட்டியே ஒரு வாகனத்தை நிறுத்தி வைக்கவேண்டும்.

இறங்கி நடப்பது இழுக்கல்ல

ஆற்றின் வேகநீர்ப் பகுதிகளை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பர். உதவி எட்டாத தொலைவில், குளிர்ந்த நீரில், ஒவ்வொன்றையும் ஒரு படி உயர்த்தி மதிப்பதே அனுபவசாலிகளின் வழக்கம். ஆபத்தான இடங்களில் வள்ளத்தைத் தோளில் சுமந்து கரைவழியே கடக்கப் பாதைகள் உண்டு. இந்நாட்டின் முதற்குடிகளும், பின்வந்த உரோம வணிகர்களின் துடுப்பாளரும் அவ்வாறே நடந்து கடந்தனர்.

பெற்றவாவாவின் ‘றோல்வே’ வேகநீரருகே சிலுவையொன்று நிற்கிறது. புகழ்பெற்ற பத்திரிகையாளர் பிளேயர் ஃபிரேசர் 1968 மே மாதத்தில் அங்கே உயிரிழந்தார். அவர் கற்றுக்குட்டியல்லர், பல ஆறுகளைக் கண்ட துடுப்பாளர். ஆழமறியாமல் காலை விடாதே என்றனர் எம் முன்னோர். ஆழமறிந்தவரையும் ஆறு விட்டுவைப்பதில்லை என்பதை அச்சிலுவை சொல்கிறது. எனவே, எங்கெங்கே இறங்கி நடப்பது என்பதை வீட்டு மேசையிலேயே எழுதிவைத்தோம். ஒருவர் தயங்கினாலும் அனைவரும் நடப்பது என்பது எமது இரண்டாம் விதி. நீர் இழுக்கும்போது வாக்கெடுப்பு நடத்த நேரமிராது.

ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி

குளிர்நீரைப் பற்றிக் கனடிய ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ற் தரும் கணக்கை அனைவரும் மனனம் செய்யவேண்டும். உறைகுளிர் நீரில் விழுந்தவருக்கு மூச்சை அடக்கி நிதானம் பெற ஒரு நிமிடம். கைகால்கள் பயன்படுவது பத்து நிமிடம். நினைவு தப்பச் சுமார் ஒரு மணி நேரம். ஆனால் இக்கணக்கு உயிர்காப்பு அங்கி அணிந்தவருக்கே பொருந்தும். வேகநீரில் விழுந்தவர் எழுந்து நிற்க முயலக்கூடாது. கால் பாறையிடுக்கில் சிக்கினால் நீர் தலையை அமிழ்த்திவிடும். மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி மிதந்து, அமைதியான நீரை அடைந்ததும் கரையை நோக்கி நீந்தவேண்டும். பதினைந்து மீற்றர் மிதக்கும் கயிறும் விசிலும் சட்டப்படி கட்டாயம். கைத்தொலைபேசி அங்கே பயன்தராது. செய்மதிக் கருவி ஒன்று வேண்டும். திரும்பும் நாளையும் நேரத்தையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுக்கவேண்டும்.

இவ்விடத்தில்தான் ஒரு கேள்வி எழுந்தது. எழுவரில் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? நால்வர் கை உயர்த்தினர். மற்ற மூவர் நிலத்தைப் பார்த்தனர். கனடாவுக்குப் புதிதாய் வந்தோரிடையே நீச்சல் அறியாதோர் அதிகம் என்று உயிர்காப்புச் சங்கம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கை அன்று எமது அறைக்குள்ளேயே அமர்ந்திருந்தது. வெட்கத்தால் மறைத்திருந்தால், அம்மூவரும் எம்முடன் ஆற்றில் இறங்கியிருப்பர்.

பயணத்தை ஓராண்டு தள்ளிவைத்தோம். அந்த மூவரும் நகரசபையின் நீச்சற் குளத்தில் மாலை வகுப்பில் சேர்ந்தனர். அடுத்து ஆற்று மீட்புப் பயிற்சியொன்றில் எழுவரும் சேர்வோம். அதன் பின்னரே பெற்றவாவா. அதுவும் வசந்தகால வெள்ளம் வடிந்து, நீர் சற்று இளஞ்சூடு கண்ட பின்னரே.

1986 ஓகஸ்ட் மாதத்தில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டனர். அவர்கள் படகேறியது வேறு வழியின்றி. நாம் படகேறுவது விருப்பத்தால். வேண்டாம் என்று சொல்லவும், இறங்கி நடக்கவும், அடுத்த ஆண்டு வரை காத்திருக்கவும் எமக்கு உரிமையிருக்கிறது. அவ்வுரிமையைக் கரையிலேயே பயன்படுத்துவோம்.