அரிகா செடிக்கு ஒரு கணக்கு நோட்டு

சென்னையில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் நிற்கும் அரிகா பாமுக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் மூன்றடிச் செடி 350 ரூபாய், 12 அங்குலத் தொட்டி 220, அடித்தட்டு 60, மண் கலவை 120, ஆட்டோ 150. ஆக 900. அதோடு செலவு முடிந்தது என்று நினைத்தேன்.

ஏப்ரலில் இலையெல்லாம் ஊசியால் குத்தியதுபோல் மஞ்சள் புள்ளி. கடையில் இமிடாக்ளோப்ரிட் மருந்து 180, டானிக் 140 என்று 320 ரூபாய்க்குக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மஞ்சள் இன்னும் பரவியது. மட்டைக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டிப் பார்த்தேன். மிளகுத்தூள்போல விழுந்தவை நகர ஆரம்பித்தன. விரலால் தேய்த்ததும் செம்பழுப்பாக ஒரு கோடு. செஞ்சிலந்தி! நீளம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், கால்கள் 8. பூச்சி இனமே இல்லை. இமிடாக்ளோப்ரிட் சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கான மருந்து. சிலந்தியைக் கொல்லாது, சில செடிகளில் அதைப் பெருகவும் வைத்துவிடும். 320-ஐச் சிவப்பு மையில் எழுதினேன்.

சூடும் வறண்ட காற்றும் செஞ்சிலந்திக்குத் தோது. எங்கள் செடிமேல் இரவெல்லாம் ஏ.சி. காற்று நேராக அடித்துக்கொண்டிருந்தது. 30 டிகிரி வெப்பத்தில் முட்டை 3 நாளில் பொரியும். ஒரு வாரம், பத்து நாளுக்குள் குஞ்சு முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். ஒரு பெண் சிலந்தி சுமார் 100 முட்டை இடும். மருந்தடித்தாலும் முட்டைகள் பல தப்பிவிடும். பொரித்தவை முட்டையிடுவதற்குள் அடுத்த தெளிப்பு விழ வேண்டும். அதனால்தான் 5 நாள் இடைவெளியில் 3 முறை. ஒரு தடவையோடு நிறுத்தினால் அந்தப் பணமும் வீண்தான்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., எண்ணெய் கலக்க இரண்டு மூன்று சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். 3 முறைக்கு 15 மி.லி.; 100 மி.லி. பாட்டில் 90 ரூபாய் என்றால் செலவு 13.50.

பாதி வேலையைச் செய்தது வெறும் தண்ணீர். தெளிப்பதற்கு முன் செடியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய், தொட்டி மண்ணைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, ஒவ்வொரு மட்டையாகக் கழுவினேன். அன்றுதான் எண்ணினேன்: 14 மட்டை, மட்டைக்கு சராசரி 44 இலை, ஆக 616. அடிப்பக்கத்தில் ஒட்டடைபோல மெல்லிய வலை. விரல் பட்டதும் சுருண்டு வந்தது. 15 லிட்டர் தண்ணீர், 25 நிமிடம். இப்போது மாதம் இரண்டு முறை கழுவுகிறேன். வருடத்துக்கு 24 முறை, 10 மணி நேரம். இந்தச் செடிக்கு நான் கொடுக்கும் உண்மையான விலை அதுதான், மனமாரக் கொடுக்கிறேன்.

மாவுப்பூச்சி ஒருமுறைதான் வந்தது, மட்டை தண்டோடு சேரும் இடுக்கில். ஒரு பஞ்சுப் பொதிக்குள் 300 முட்டைக்கு மேல்கூட இருக்கும் என்பதால் கண்டவுடன் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்தேன்.

தண்ணீர் வாரம் இரண்டு முறை, தடவைக்கு 1 லிட்டர். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும். போர் தண்ணீரின் உப்பால் இலைநுனி கருகியது. ஏ.சி. குழாயில் வடிவதைப் பிடித்தால் ஓர் இரவுக்கு எனக்கு 4 லிட்டர் கிடைக்கிறது, உப்பில்லாமல். கோடையில் செலவில்லாத நீர் அதுவே. ஆர்.ஓ. கழிவு நீரை மட்டும் ஊற்றவே கூடாது.

காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி இந்தச் செடியை விற்கிறார்கள். 1989-ல் நாசா செய்த சோதனை மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. ஜன்னல் திறந்த வீட்டுக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்கிறது 2019-ல் வந்த ஒரு கணக்கு. அந்த வரவை நான் எழுதவில்லை.

சிவப்பு மை 320 நீங்கலாக இந்த ஆண்டின் பராமரிப்பு: மண்புழு உரம் ஒரு கிலோ 40, வேப்பெண்ணெய் 13.50, சோப்பு 2, பஞ்சும் ஸ்பிரிட்டும் 30. மொத்தம் 85.50. கடைசி வரியில் நேற்றைய தேதி: நடுவில் புதுக் குருத்து, உயரம் 11 செ.மீ., இன்னும் விரியவில்லை.